Re: 1 நாளாகமம், வெறும் பேரா இருக்கு, ஸ்கிப் பண்ணலாமா?

பிரதர், பைபிள்ல 1 நாளாகமம் புஸ்தகத்தோட முதல் 9 அதிகாரமும் பேர் லிஸ்ட்தான், தூக்கம் வருதுன்னு எழுதியிருந்தீங்க, எனக்கும் வந்துச்சு, ஆனா பைபிள்லயே எஸ்றா புஸ்தகம் 2வது அதிகாரம் படிச்சப்புறம்தான் உறைச்சது, பாபிலோனுக்கு சிறையா கொண்டுபோகப்பட்டு திரும்பி வந்த யூதர்கள்ல சில ஆசாரியர் (கோயில் பூசாரி) குடும்பங்க தங்க வம்ச அட்டவணைய தேடிப் பாத்து கிடைக்காததால அவங்கள ஆசாரிய ஊழியத்துலேர்ந்தே விலக்கிட்டாங்க. அதாவது அப்போ அது நம்ம கம்யூனிட்டி சர்டிபிகேட், பட்டா ரெண்டும் சேர்ந்த மாதிரி, யார் எந்த கோத்திரம், யாருக்கு எந்த நிலம்னு அதுலதான் தெரியும். ஸ்கிப் பண்ணாதீங்க, வேகமா ஓட்டுங்க. 4வது அதிகாரத்துல மட்டும் நில்லுங்க, பேருக்கு நடுவுல திடீர்னு யாபேஸ்ங்கிறவர் தன்னை ஆசீர்வதிக்கச் சொல்லி கடவுள்கிட்ட பண்ற ஜெபம் வரும். அப்புறம் ரூத் புஸ்தகத்தோட கடைசிப் பக்கம் பாருங்க, ரூத்தோட புருஷன் போவாஸ், அவர் மகன் ஓபேத், அவர் மகன் ஈசாய், அவர் மகன் தாவீது ராஜா. ரூத்ங்கிற மோவாபியப் பொண்ணு, அதாவது வேற நாட்டுப் பொண்ணு, இஸ்ரவேல் ராஜாவுக்கு கொள்ளுப்பாட்டி!