டெக்சாஸில் சித்தப்பா விட்டுச்சென்ற வீடு: இப்போதே விற்கலாமா?

தம்பி, டாலஸில் காலமான சித்தப்பா டிரான்ஸ்ஃபர் ஆன் டெத் பத்திரம் (உரிமையாளர் இறந்ததும் வீடு அதில் பெயர் உள்ளவருக்குப் போகும்) வழியாக வீட்டை உங்களுக்கு விட்டிருக்கிறார்; ஹெச்-1பி விசாவில் வந்து 4 மாதம்தான் ஆகிறது, விற்க முடியுமா என்று கேட்டிருக்கிறீர்கள். முடியும், விசா குறுக்கே நிற்காது. நம்மூர் நாமினி மாதிரி என்று நினைத்துவிடாதீர்கள். நாமினி வாரிசுகளுக்காகப் பணத்தை வாங்கி வைப்பவர்தான்; இங்கே நீங்களே உரிமையாளர். ஆனால் அந்தப் பத்திரம் அவர் உயிரோடு இருந்தபோதே கவுண்டி (நம்மூர் மாவட்டம் மாதிரி) கிளர்க் அலுவலகத்தில் பதிவாகியிருக்க வேண்டும். கையெழுத்துப் போட்டு பீரோவில் வைத்திருந்தால் செல்லாது. அதனால் முதல் வேலை, பதிவான நகலை எடுப்பது. பிறகு இறப்புச் சான்றிதழோடு ஒரு அஃபிடவிட்டை அதே கவுண்டியில் பதியுங்கள்.

சிக்கல் டைட்டில் கம்பெனியில் வரும்; வீட்டின் உரிமையைச் சரிபார்த்து, அதில் பிறகு சிக்கல் வந்தால் ஈடுகட்டும் டைட்டில் இன்சூரன்ஸைத் தருபவர்கள் அவர்கள்தான். சித்தப்பா வைத்துவிட்டுப் போன கடனை அடைக்க மற்ற சொத்து போதவில்லை என்றால், இறந்த நாளிலிருந்து 2 ஆண்டுக்குள் இந்த வீட்டின்மேல் வழக்கு வரலாம். அதற்குப் பயந்து சில கம்பெனிகள் அந்த 2 ஆண்டு முடியும் முன் டைட்டில் இன்சூரன்ஸ் தரத் தயங்கும். அது இல்லாமல் வாங்குபவருக்கு வங்கிக் கடன் கிடைக்காது. ஆகவே ஏஜென்ட்டைத் தேடும் முன்பே இரண்டு மூன்று டைட்டில் கம்பெனிகளில் கேட்டுவிடுங்கள்.

வரியைப் பற்றி அதிகம் கவலை வேண்டாம். சித்தப்பா வாங்கிய விலை கணக்கில் வராது, இறந்த நாளின் சந்தை மதிப்புதான் உங்கள் அடக்க விலை. அன்று 3,80,000 டாலர், இப்போது 3,95,000-க்கு விற்றால் வித்தியாசம் 15,000. ஏஜென்ட் கமிஷனைக் கழித்தால் அதுவும் மிஞ்சாமல் போகலாம். இறந்த தேதிக்கான மதிப்பீட்டை அப்ரைசரிடம் எழுத்தில் வாங்கி வையுங்கள்.

உங்களைக் கடிக்கப்போவது ஃபிர்ப்டா, அதாவது வெளிநாட்டவர் அமெரிக்கச் சொத்தை விற்கும்போது வாங்குபவர் வரியைப் பிடித்துக்கொள்ளும் சட்டம். அமெரிக்காவில் இருந்த நாட்கள் இந்த ஆண்டு 31 நாள், முந்தைய இரண்டு ஆண்டுகளையும் விகிதப்படி சேர்த்து 183 நாள் என்ற கணக்கு நிறைவேறாவிட்டால் வரிச் சட்டத்துக்கு நீங்கள் வெளிநாட்டவர். வாங்குபவர் லாபத்தில் அல்ல, முழு விலையில் 15 சதவீதம் பிடிப்பார்: 59,250 டாலர். அவரே குடியிருக்க வாங்கினால் இந்த விலைக்கு 10 சதவீதம். குளோசிங் (விற்பனை முடியும்) நாளுக்குள் வரித்துறையிடம் 8288-பி படிவம் போட்டால் பிடித்தத்தைக் குறைக்கக் கேட்கலாம். இல்லையேல் அடுத்த ஆண்டு ரிட்டர்ன் போட்டுத்தான் திரும்பப் பெற வேண்டும்.

வீடு இப்போது பூட்டிக் கிடக்கிறதா? 30 அல்லது 60 நாள் காலியாக இருந்தாலே பல பாலிசிகள் இழப்பீட்டைக் குறைத்துவிடும். இன்சூரன்ஸ்காரரை இன்றே கூப்பிடுங்கள்.