ஸ்மார்ட் சுவிட்ச்: மாத்தணுமா, ஓட்டலாமா?

கேள்வி: அண்ணா, எங்க வீடு கடலூர் தேவனாம்பட்டினத்துல, பீச்சுக்குப் பக்கம். ஏழு வருஷம் முன்னாடி ஆறு ஸ்மார்ட் சுவிட்ச் போட்டோம். இப்ப ரெண்டு அடிக்கடி வைஃபைல இருந்து கழண்டுக்குது, ஹால்ல ஒண்ணு ஆஃப் பண்ணாலும் லைட் அணையவே மாட்டேங்குது. மொத்தமா மாத்திடலாமா?

பதில்: மொத்தமா எதுக்கும்மா? அந்த அணையாத ஒண்ணை மட்டும் உடனே எலக்ட்ரீஷியனைக் கூப்பிட்டு கழட்டிடுங்க. 'டிக்'னு சத்தம் வந்தும் லைட் முழுசா எரிஞ்சா உள்ள கரண்டைச் சேர்த்துப் பிரிக்கிற ரிலே காண்டாக்ட் ஒட்டிக்கிச்சுன்னு அர்த்தம், அது தானா சரியாகாது. லேசா மங்கலா மட்டும் எரிஞ்சா கதையே வேற, நியூட்ரல் ஒயர் (கரண்ட் திரும்பிப் போற ஒயர்) இல்லாம ஓடுற மாடல்ல கொஞ்சூண்டு கரண்ட் பல்பு வழியா எப்பவும் போய்க்கிட்டே இருக்கும், எல்.இ.டி. அதுக்கே மினுக்கும்.

வைஃபை பிரச்சினைக்கு சுவிட்ச்சைத் திட்டாதீங்க. சமீபத்துல ரவுட்டர் மாத்துனீங்களா? பழைய சுவிட்ச் பெரும்பாலும் 2.4 கிகாஹெர்ட்ஸ் வைஃபை அலைவரிசைல மட்டும்தான் பேசும், ரவுட்டர் செட்டிங்ல அதுக்குத் தனிப் பேர் வச்சு சுவிட்ச்சை அதுல சேர்த்துப் பாருங்க.

உங்க ஊர் உப்புக் காத்து இருக்கே, அதுதான் எனக்குக் கவலை. மெயினை ஆஃப் பண்ணிட்டு பிளேட்டைக் கழட்டும்போது ஒயர் முனையில பச்சையா பூத்திருந்தாலோ, பிளாஸ்டிக் பழுப்பேறி கருகின வாடை அடிச்சாலோ அதையும் மாத்திடுங்க, மத்தது ஓடட்டும். புதுசு வாங்குனா 2022-ல வந்த மேட்டர் (Matter, பல கம்பெனி ஸ்மார்ட் சாதனங்களுக்கான பொதுத் தரம்) தரத்துக்கு ஒத்துப்போறதா பாருங்க, ஒரே கம்பெனி ஆப்பை நம்பிக்கிட்டு இருக்க வேண்டாம். சுவத்துல இருக்குற சுவிட்ச் பாக்ஸ்ல நியூட்ரல் ஒயர் இருக்கான்னு பாத்துட்டு அப்புறமா காசைக் கட்டுங்க.