கேள்வி – பதில்: காதல் முறிந்தபின் ஆறுதல் தந்த இசை

கேள்வி: பல ஆண்டுக் காதல் சில மாதங்களுக்கு முன் முறிந்துவிட்டது. யாருடைய பேச்சும் காதில் ஏறாத அந்த நாள்களில், பிராம்ஸ் என்ற ஜெர்மானிய இசையமைப்பாளரின் பியானோ இசை ஒன்றைத் தற்செயலாகக் கேட்டேன். 'இண்டர்மெட்சோ, ஓபஸ் 117, எண் 1' என்று பெயர் போட்டிருந்தது. மேற்கத்திய இசையில் எனக்குப் பழக்கமே இல்லை. ஆனாலும் கேட்டதும் அழுதேன். அழுது முடித்ததும் மனம் இலேசானது. அதிலிருந்து இரவுதோறும் கேட்கிறேன். சோக இசை கேட்டால் சோகம்தான் கூடும் என்று தோழிகள் கண்டிக்கிறார்கள். நிறுத்திவிட வேண்டுமா?

பதில்: நிறுத்த வேண்டியதில்லை. தோழிகளின் கவலையையும் ஒரேயடியாகத் தள்ளிவிட முடியாது. அதைப் பற்றிப் பிறகு சொல்கிறேன். முதலில் அந்த இசையைப் பற்றிச் சொல்லியாக வேண்டும், ஏனென்றால் அதன் வரலாறு எதுவும் தெரியாமலே சரியான இடத்துக்கு நீங்கள் போய்ச் சேர்ந்திருக்கிறீர்கள்.

பிராம்ஸ் 1892ஆம் ஆண்டில், தம் 59ஆம் வயதில் இயற்றிய மூன்று சிறு பியானோ இசைகளில் முதலாவது இது. இம்மூன்றையும் தம் துயரங்களுக்கான தாலாட்டுகள் என்று அவரே குறிப்பிட்டிருக்கிறார். முதல் இசையின் தலைப்பில், ஹெர்டர் என்ற ஜெர்மானிய எழுத்தாளர் தம் மொழியில் பெயர்த்த ஸ்காட்லாந்துப் பாடல் ஒன்றின் இரண்டு வரிகளை அச்சிடச் செய்தார். குழந்தையை நிம்மதியாக உறங்கச் சொல்லும் தாய், நீ அழுவதைக் காண எனக்கு வருத்தமாக இருக்கிறது என்கிறாள். அந்த இரண்டு வரிகளை மட்டும் படிப்பவருக்கு இது வழக்கமான தாலாட்டாகவே தோன்றும். மூலப் பாடலைத் தொடர்ந்து படித்தால்தான், பாடுகிறவள் குழந்தையின் தகப்பனால் கைவிடப்பட்டவள் என்பதும், அழும் குழந்தையைத் தேற்றுகிறவளுக்கே தேற்றுவார் யாருமில்லை என்பதும் தெரியவரும்.

இனி, இசை அமைந்திருக்கும் விதத்தைக் கவனியுங்கள். தொடக்கத்தில் மெட்டு உச்சியில் ஒலிப்பதில்லை. மேலும் கீழும் ஆதார ஷட்ஜம், அதாவது அடிப்படைச் சுரமான 'ஸ', திரும்பத் திரும்ப ஒலித்துக்கொண்டிருக்க, மெட்டு அவற்றுக்கு இடையில் பொதிந்து வருகிறது. அணைத்துப் பிடித்திருப்பதுபோன்ற உணர்வு நமக்கு உண்டாவது பெரும்பாலும் இந்த அமைப்பினால்தான் என்பது என் கணிப்பு. இந்தப் பகுதி மேஜர் ஸ்கேல் என்ற சுர வரிசையில், நம் கணக்கில் ஏறக்குறைய சங்கராபரண ராகத்தில் அமைந்தது. (நம் தாலாட்டுகளுக்கு உரியதாகப் பெயர் பெற்ற நீலாம்பரியும் சங்கராபரணத்திலிருந்து பிறந்த ராகம்தான் என்பதை எண்ணும்போது, மேற்கத்திய இசை பழக்கமில்லாத உங்களுக்கு இது அந்நியமாகத் தோன்றாததில் வியப்பில்லை.) நடுப்பகுதியில் நிறம் மாறுகிறது: அதே ஷட்ஜத்தை வைத்துக்கொண்டு இசை மைனர் ஸ்கேலுக்கு, அதாவது நடபைரவி ராகத்தின் பக்கம், இறங்கிவிடுகிறது, வேகம் குறைகிறது, மெட்டு என்று பிடித்துக்கொள்ள எதுவும் இல்லாமல் துண்டு துண்டான ஒலிகள் எழுந்து எழுந்து அடங்குகின்றன. நீங்கள் அழுதது இந்த இடத்தில்தான் என்று ஊகிக்கிறேன். அதன்பின் முதல் மெட்டு சற்றே நகாசு வேலையுடன் திரும்பி வந்து, மேஜரிலேயே முடிகிறது. சில நிமிடங்களே ஒலிக்கும் இந்த இசை நடுவில் நேர்ந்த இருட்டை மறுக்கவுமில்லை, அதிலேயே நின்றுவிடவுமில்லை.

பிராம்ஸ் கடைசிவரை மணம் செய்துகொள்ளாதவர். பியானோ கலைஞர் கிளாரா ஷூமன் மீது அவர் கொண்டிருந்த அன்பைப் பற்றிப் புத்தகம் புத்தகமாக எழுதியிருக்கிறார்கள். அந்தக் கதையை இந்த இசைக்குள் தேடுவதில் எனக்கு ஆர்வமில்லை. உங்களுக்கும் அது தேவைப்படாது. சொற்கள் இல்லாத இசைக்கு இருக்கும் பெரிய வசதியே, யாருடைய கதையும் குறுக்கே வராது என்பதுதான். காதல் தோல்விப் பாடல் ஒன்றைக் கேட்டால் அதிலுள்ள அவன் இப்படிச் செய்தான், அவள் அப்படிப் போனாள் என்பனவெல்லாம் நம் கதையோடு ஒட்டியும் ஒட்டாமலும் வந்து, ஆறத் தொடங்கிய புண்ணைக் கிளறிவிடும்.

இனித் தோழிகளின் கண்டிப்புக்கு வருகிறேன். 2014இல் டாருஃபி, கோல்ஷ் ஆகிய இரு ஆய்வாளர்கள் 772 பேரிடம் கேட்டறிந்ததில், சோக இசை கேட்கும்போது எழும் உணர்வுகளில் முதலிடம் பிடித்தது சோகமன்று, பழைய நினைவுகளின் ஏக்கமே என்று தெரியவந்தது. தங்கள் மனநிலையைச் சீராக்கிக்கொள்ளப் பலர் அதை நாடுவதும் வெளிப்பட்டது. ஆனால் நடந்ததையே நினைத்து நினைத்து மறுகும் இயல்புடையவர்களுக்குச் சோக இசை சோர்வை மிகுவிக்கக்கூடும் என்று கூறும் ஆய்வுகளும் உண்டு. நீங்கள் எந்த வகை என்பதை நீங்களேதான் பார்த்துக்கொள்ள வேண்டும். இசை முடிந்ததும் மனம் இலேசாகி உறங்கப் போகிறீர்களென்றால் கவலையில்லை. முடிந்த கையோடு பழைய செய்திகளையும் புகைப்படங்களையும் எடுத்துப் பார்க்கத் தோன்றினால், சில நாள் இடைவெளி விடுங்கள்.

கேள்வி: நாங்கள் இருவரும் சேர்ந்து கேட்ட பாடல்கள் எங்கே ஒலித்தாலும் நெஞ்சை அடைக்கிறது. எல்லாவற்றையும் அழித்துவிடலாமா?

பதில்: கைப்பேசியிலிருந்து அழிக்கலாம், தெருவில், பேருந்தில், அடுத்த வீட்டில் ஒலிப்பதை என்ன செய்வீர்கள்? ஒரு காலகட்டத்தில் இடைவிடாமல் கேட்ட பாடல், அந்தக் காலத்தின் இடத்தையும் மனிதரையும் நாம் அழைக்காமலே கொண்டுவந்து நிறுத்தும் ஆற்றல் உடையது. அந்தப் பிணைப்பை அறுக்க முடியாவிட்டாலும், அதன்மேல் வேறு நினைவுகளைப் படியவைக்கலாம். இப்போதைக்கு அவற்றைத் தனியே ஒதுக்கி வையுங்கள். பிறகு, மனம் சற்று ஆறியதும், நண்பர்கள் சூழ இருக்கும்போது, வேறு ஏதேனும் வேலையினிடையே, ஒவ்வொன்றாகக் கேளுங்கள். நல்ல பாடலை ஒருவரோடு சேர்த்து இழப்பது இரட்டை நஷ்டம்.

கேள்வி: காதல் தோல்விக்கு எந்த ராகம் மருந்து?

பதில்: இன்ன ராகத்துக்கு இன்ன நோய் தீரும் என்று சுற்றிவரும் பட்டியல்களை நான் நம்புவதில்லை. இசை ஆற்றும் என்பதில் ஐயமில்லை. புறநானூற்றின் 281ஆம் பாட்டிலேயே, புண்பட்டுக் கிடக்கும் வீரனைக் காக்க ஐயவி (வெண்கடுகு) சிதறி, ஆம்பற்குழல் ஊதி, காஞ்சிப் பண் பாடுவோம் என்று ஒரு பெண் தோழியை அழைக்கிறாள். ஆனால் அங்கும் புகையும் காவலும் உடனிருக்கும் மனிதர்களும் சேர்ந்தே வருகிறார்கள். பண் மட்டும் தனித்து நின்று குணப்படுத்துவதாகப் பாட்டில் இல்லை. சகானாவோ முகாரியோ எது உங்கள் நெஞ்சைத் தொடுகிறதோ அதைக் கேளுங்கள்.

கேள்வி: காதல் முறிந்த என் மகன் அறைக்குள் அடைந்துகொண்டு ஒரே சோக இசையைப் போட்டுக்கொண்டிருக்கிறான். நான் உற்சாகமான பாடல்களை வைத்தால் எரிந்து விழுகிறான். என்ன செய்வது?

பதில்: முதலில், உற்சாகப் பாடல்களை நிறுத்துங்கள். இசைச் சிகிச்சையில் 1940களில் ஆல்ட்சூலர் என்ற மருத்துவர் முன்வைத்த கொள்கை ஒன்று உண்டு: கேட்பவர் இப்போது எந்த மனநிலையில் இருக்கிறாரோ அதற்கு ஒத்த இசையில் தொடங்கி, பிறகு சிறிது சிறிதாக மாற்றிக்கொண்டு போக வேண்டும். துயரத்தில் இருப்பவர் முன் துள்ளல் இசையை வைப்பது, 'உன் துயரத்தை நான் பார்க்கவில்லை' என்று அறிவிப்பதற்குச் சமம். அவன் கேட்கும் இசையையே உடனிருந்து ஒரு முறை கேளுங்கள். அது என்ன, யாருடையது, எந்த இடம் அவனுக்குப் பிடிக்கிறது என்று விசாரியுங்கள். காதலைப் பற்றி வாய் திறக்காத பிள்ளைகள்கூட இசையைப் பற்றிப் பேசுவார்கள். அடுத்த சில நாள்களில், அதே சாயலில் சற்றே வெளிச்சம் கூடிய ஒன்றை நீங்கள் எடுத்துக் கொடுக்கலாம். உணவும் உறக்கமும் வாரக்கணக்கில் கெட்டு, வாழ்ந்து பயனில்லை என்பதுபோல அவன் பேசத் தொடங்கினால், அதன்பின் இசையை எதிர்பார்த்துக் காத்திராமல் உடனே மனநல மருத்துவரிடம் அழைத்துச் செல்லுங்கள்.