25 நிமிடச் சுருட்டு

கேள்வி: கனடாவிலிருந்து வந்த அத்தான் ஐந்து நிக்கரகுவா சுருட்டுகள் தந்தார். விலை மலிவு, ஆனால் பிரீமியம், இணையத்தில் 90 புள்ளி வாங்கியது என்றார். கெட்டுப்போகாமல் இருக்கட்டும் என்று பிரிட்ஜில் வைத்தேன். ஒரு மாதம் கழித்து, இரவுச் சாப்பாட்டுக்குப் பிறகு, மொட்டைமாடியில் பால் தேநீரோடு ஒன்றைப் பற்றவைத்து 25 நிமிடத்தில் முடித்தேன். கொக்கோ, பதனிட்ட தோல், மிளகு என்றெல்லாம் எழுதியிருக்கிறார்கள். எனக்குக் கிடைத்தது கசப்பும் நாக்கு எரிவும்தான். காரம்கூட நம் யாழ்ப்பாணச் சுருட்டைவிடக் குறைவு. பிழை என் நாக்கிலா, சுருட்டிலா? அடுத்த முறை ஒரு பெட்டியே கொண்டுவரட்டுமா என்று அத்தான் கேட்கிறார். என்ன சொல்ல?
வாசகர், வெள்ளவத்தை

பதில்: உங்கள் நாக்கில் பிழை இல்லை. சுருட்டில் பிழை உண்டா என்று இப்போது யாராலும் சொல்ல முடியாது. பிரிட்ஜில் ஒரு மாதம் காய்ந்த இலையை 25 நிமிடத்தில் எரித்திருக்கிறீர்கள். அந்த நிலையில் உலகின் எந்தச் சுருட்டும் கசக்கத்தான் செய்யும்.

முதலில் ‘பிரீமியம்’ என்ற சொல்லைப் பார்ப்போம். அது விலையைக் குறிப்பதில்லை. கையால் சுருட்டியது, நடுவில் தூளோ துண்டுகளோ இல்லாமல் நீள இலைகளை நிரப்பியது, அதைக் கட்டும் இலையும் வெளியே சுற்றும் இலையும் முழு இலைகள்: இவ்வளவுதான் பொருள். ஆகவே மலிவான பிரீமியம் என்பதில் முரண் எதுவும் இல்லை. அலங்காரப் பெட்டி இல்லாமல் கட்டாக விற்பதாலும், புகழ்பெற்ற பெயர் இல்லாததாலும், இலையைக் குறைந்த காலம் முதிர வைத்ததாலும் விலை இறங்கும். இதில் கடைசிக் காரணம் மட்டும்தான் உங்கள் நாக்கைத் தொடும். சரியாக முதிராத இலையைப் பற்றவைத்தால் அமோனியா நெடி வரும், தொண்டையைக் கீறும். அந்த நெடி இருந்ததா என்று நீங்கள் எழுதவில்லை. அடுத்த சுருட்டில் முதலில் கவனிக்க வேண்டியது அதைத்தான்.

இனி பிரிட்ஜ். பழக்கத்தில் எல்லோரும் செய்வதுதான், ஆனால் அதன் உள்ளே காற்று வறண்டது, மீன் குழம்பு வாசமும் இலையில் ஏறும். அதற்காக அலமாரியில் வைத்தால் தப்பும் என்று நினைக்காதீர்கள். சுருட்டுக்கு உகந்த ஈரப்பதம் 65 முதல் 70 வீதம். கொழும்புக் காற்றில் பெரும்பாலான நாட்களில் அதைவிட அதிகம். இலை உப்பிப் புகை வராது, அடிக்கடி அணையும், பூஞ்சணமும் பிடிக்கும். ஐரோப்பாவிலும் கனடாவிலும் இருப்பவர்கள் ஈரம் ஏற்றச் சொல்லித்தரும் ஆலோசனைகளை இங்கே அப்படியே பின்பற்றக் கூடாது. நமக்குத் தேவை ஈரத்தை அடக்குவது. காற்றுப் புகாத பிளாஸ்டிக் பெட்டியில், 65 வீதத்தில் நிறுத்தும் ஈரப்பதப் பொதி ஒன்றைப் போட்டு மூடி, வீட்டில் குளிர்ந்த மூலையில் வையுங்கள். சின்ன ஈரமானி ஒன்று வாங்கினால் அதை நம்புமுன் சோதியுங்கள். ஒரு மூடியில் கறி உப்பை நீர் விட்டுச் சேறுபோல் குழைத்து, மானியோடு சேர்த்து மூடிய பையில் ஒரு நாள் வைத்தால் 75 காட்ட வேண்டும். 70 காட்டினால் உங்கள் மானி ஐந்து குறைத்துச் சொல்கிறது. அப்புறம் நம் வெப்பத்தில் புகையிலை வண்டும் பொரிக்கும். வெளியிலையில் குண்டூசித் துளைபோல் கண்டால் அந்தச் சுருட்டை மற்றவற்றிலிருந்து உடனே பிரித்துவிடுங்கள்.

மிச்சம் இருக்கும் நான்கையும் அந்தப் பெட்டியில் சில வாரங்கள் விடுங்கள். உலர்ந்த இலை மெல்லத்தான் ஈரம் எடுக்கும். பிறகு ஒன்றை எடுத்துப் பற்றவைக்குமுன் விரலால் முழு நீளத்துக்கும் மெதுவாக அழுத்திப் பாருங்கள். ஓரிடம் கல்லாகவும் ஓரிடம் பஞ்சாகவும் இருந்தால் சுருட்டியவர் இலையைச் சீராக நிரப்பவில்லை. வாய்ப்பக்க முனையில் மூடியாக ஒட்டிய இலையை மட்டும் மெலிதாக வெட்டி, நெருப்பில்லாமல் ஒருமுறை இழுங்கள். காற்று லேசான தடையோடு வர வேண்டும். தடையே இல்லையென்றால் சூடாகி எரியும், மூச்சு முட்ட இழுக்க வேண்டியிருந்தால் நல்ல இலையும் வீண். பெட்ரோல் லைட்டர் வேண்டாம், அதன் வாசம் முதல் கால்வாசிச் சுருட்டைக் கெடுக்கும். தீக்குச்சி போதும், கந்தகம் எரிந்து தீர ஒரு கணம் பொறுத்தால் சரி.

பிறகு வேகம். ரோபுஸ்டோ என்று சொல்லும் 5 அங்குல நீளம், 50 வளைய அளவுச் சுருட்டுக்கு முக்கால் மணி முதல் ஒரு மணி நேரம் ஆகும். வளைய அளவு ஒன்று என்பது அங்குலத்தில் 64இல் ஒரு பங்கு, ஆகவே 50 என்றால் ஏறத்தாழ 20 மில்லிமீட்டர் தடிப்பு. நிமிடத்துக்கு ஓர் இழுப்புக்கு மேல் போனால் உள்ளே வெப்பம் ஏறி, கசப்பு முன்னுக்கு வந்துவிடும். நீங்கள் சொன்ன நாக்கு எரிவு பெரும்பாலும் இதனால்தான். பால் தேநீரும் தவிருங்கள். சீனியும் பாலும் நாக்கை மூடிவிடும், தண்ணீர் அல்லது சீனியில்லாத பிளேன்டீ போதும்.

காரத்தை வைத்து எடைபோட்டதைத்தான் நான் கடுமையாக மறுக்கிறேன். யாழ்ப்பாணத்து இலை தென்னம் மட்டைப் புகையில் பதமானது. நிக்கரகுவா இலை கொட்டகைக் காற்றில் உலர்ந்து, குவியலாக அடுக்கிப் புளிக்க வைத்தது. இரண்டும் வேறு வேறு தொழில், ஒன்றின் காரத்தை மற்றதில் தேடுவது இரண்டுக்கும் அநியாயம். காரம் செடியின் உச்சியில் வெயில் குடித்த ‘லிகேரோ’ இலையின் அளவால் வருவது. அது அதிகம் என்பதால் சுருட்டு உயர்ந்தது ஆகிவிடாது. இழுவை சீரா, நெருப்பு வட்டமாகவே இறங்குகிறதா, ஒரு பக்கம் ஓடிப்போய்ச் சரிகிறதா, முதல் மூன்றில் ஒரு பங்குக்கும் நடுப்பங்குக்கும் சுவை ஏதாவது மாறுகிறதா என்று பாருங்கள். மாறினால் உங்கள் சொல்லில் எழுதி வையுங்கள். வறுத்த மல்லி, ஈரமண், கித்துள் கருப்பட்டி என்று எது தோன்றினாலும் அதுவே சரி. கொக்கோவும் தோலும் இன்னொருவர் நாக்கில் வந்தவை. அந்த 90 புள்ளியும் அவர் கையில் கிடைத்த சுருட்டுக்குத்தான். கைவேலை ஒவ்வொன்றிலும் கொஞ்சம் மாறும், அதனால் ஒன்றை வைத்துத் தீர்ப்புச் சொல்லாதீர்கள்.

நுரையீரலுக்குள் இழுப்பதில்லை என்பதால் ஆபத்தில்லை என்று உங்களிடம் யாராவது சொன்னால் நம்பவேண்டாம். சுருட்டுப் புகையின் நிக்கொட்டின் வாய்த் தோல் வழியாகவே உடம்பில் சேர்கிறது. வாய், தொண்டை, உணவுக்குழாய்ப் புற்றுநோய்கள் சுருட்டுக்காரருக்கும் வருகின்றன. பெரிய சுருட்டு ஒன்றில் ஒரு பக்கெட் சிகரெட்டின் புகையிலை இருக்கலாம். இதுவரை தொடாதவர்கள் இந்தப் பதிலைப் படித்துத் தொடங்க வேண்டாம் என்று கேட்டுக்கொள்கிறேன். எந்தச் சுருட்டை வாங்கலாம் என்று பெயர் சொல்லியும் எழுத மாட்டேன். 2006ஆம் ஆண்டின் 27ஆம் இலக்கச் சட்டம் புகையிலை விளம்பரத்தைத் தடுக்கிறது, அது நல்ல சட்டம்.

அத்தானுக்கு இப்போதைக்கு வேண்டாம் என்று சொல்லுங்கள். நான்கில் குறைந்தது இரண்டு நேராக எரிந்து, அமோனியா நெடியில்லாமல், கடைசிப் பங்குவரை உங்களை உட்கார வைத்தால், அதே சுருட்டில் இன்னும் ஐந்து கேட்கலாம், சுங்க விதியை முதலில் விசாரித்துவிட்டு. யாராவது கண்ணாடி மூடிப் பெட்டியில் கோஹிபா என்ற கியூபாச் சுருட்டை மலிவு விலைக்குத் தருகிறேன் என்றால் வாங்க வேண்டாம் என்றும் சொல்லிவையுங்கள். கியூபா கோஹிபாவைக் கண்ணாடி மூடியில் அடைத்து விற்பதில்லை. 2022இல் அதன் விலை பல மடங்கு ஏறிவிட்டது, மலிவாகக் கிடைக்க வழியே இல்லை.