கணவர் வெளிநாட்டில் சம்பளத்துக்கு ஆடும் விளையாட்டு வீரர் என்றால், கூடப் போகும் மனைவியின் அன்றாட வாழ்க்கை எப்படி இருக்கும்?

கேள்வியைப் படித்ததும் ஐபிஎல் வீரர்களின் மனைவிமார்தான் நினைவுக்கு வந்திருப்பார்கள். கறுப்புக் கண்ணாடி, ஐந்து நட்சத்திர ஓட்டல், கேமரா. அந்த வாழ்க்கையைப் பற்றி எனக்கு ஒன்றும் தெரியாது. நான் பார்த்தது வடக்கு இங்கிலாந்தின் லங்காஷயரில், பர்ன்லிக்குப் பக்கத்தில் ஒரு சிற்றூரில், இரண்டு கோடைகள். கல்யாணமாகி ஐந்தே மாதத்தில் போனோம்.

என் கணவர் இடக்கைச் சுழற்பந்து வீச்சாளர், பேட்டிங்கும் ஓரளவு வரும். ரஞ்சி ஆடியிருக்கிறார். ஆனால் பெயரைச் சொன்னால் "யாரு?" என்றுதான் கேட்பீர்கள். ஒரு வருடம் டிஎன்பிஎல் (தமிழ்நாடு பிரீமியர் லீக்) ஏலத்தில் அவரை யாரும் எடுக்கவில்லை. வீட்டில் இரண்டு நாள் சரியாகச் சாப்பாடு இறங்கவில்லை. அந்தச் சமயத்தில் ஒரு ஏஜென்ட் மூலமாக வந்ததுதான் லங்காஷயர் லீக் வாய்ப்பு. 1892ல் தொடங்கிய லீக் அது. எல்லாம் பழைய பஞ்சாலை ஊர்கள், ஊருக்கு ஒரு கிளப். அணியில் எலக்ட்ரீஷியன், வாத்தியார், பள்ளிக்கூடப் பையன் என்று உள்ளூர்க்காரர்கள் இருப்பார்கள். நடுவில் சம்பளத்துக்கு ஆடும் ஒரே ஒருவர். அவரை 'ப்ரோ' என்கிறார்கள், ப்ரொஃபஷனல் என்பதன் சுருக்கம். சென்னையில் ஆட்டோக்காரரிலிருந்து டெலிவரி தம்பி வரை எல்லாரும் ப்ரோ. அங்கே ஊருக்கே ஒரு ப்ரோதான். ஏப்ரல் நடுவிலிருந்து செப்டம்பர் வரை என் அடையாளமும் அதுவே, ப்ரோவின் மனைவி.

கிளப் கொடுத்தது சின்ன வீடு, ஒரு பழைய கார், அவருக்கு விமான டிக்கெட், வாரச் சம்பளம். என் டிக்கெட் எங்கள் காசு. அவருக்கு விளையாட்டு வீரர் விசா. இங்கிலாந்து கிரிக்கெட் வாரியத்தின் ஒப்புதல், இங்கிருந்து தடையில்லாச் சான்றிதழ் என்று ஏகப்பட்ட காகிதம். அவரைச் சார்ந்தவர் என்ற வகையில் எனக்கும் விசா கிடைத்தது. அதில் வேலை பார்க்கலாம் என்பதை முதலிலேயே கேட்டுத் தெரிந்துகொண்டேன். வேலை இல்லாமல் அந்த ஊரில் ஒரு மாதம்கூடத் தாக்குப்பிடித்திருக்க மாட்டேன். சென்னை ஆபீஸில் ஆறு மாதம் சம்பளமில்லா விடுப்பு கேட்டேன், தரவில்லை. பிறகு பேசிப் பேசி, அங்கிருந்தே வேலை பார்க்கச் சம்மதித்தார்கள். கோடையில் நமக்கும் இங்கிலாந்துக்கும் நான்கரை மணி நேர வித்தியாசம். அதனால் எனக்கு ஆபீஸ் காலை 5 மணிக்கே ஆரம்பித்துவிடும். மதியம் ஒன்றரைக்கு லாப்டாப்பை மூடினால், ஜூனில் இரவு பத்து வரை வெளிச்சம். இவ்வளவு பகலை வைத்துக்கொண்டு என்ன செய்வது என்றே தெரியவில்லை.

அவருக்கோ வார நாட்களில் வேலை குறைவு. செவ்வாய், வியாழன் சாயங்காலம் வலைப்பயிற்சி, வெள்ளிக்கிழமை சின்னப் பசங்களுக்குக் கோச்சிங். மைதானக்காரருக்கு ரோலர் தள்ளுவது, மழை வந்தால் பிட்ச் மேல் கவர் இழுப்பது எல்லாம் தானாகவே வந்து சேர்ந்தன. ஊருக்கு லீவு என்றால் எங்களுக்கு வேலை. சனி, ஞாயிறு பூராவும் மைதானம். எங்கேயாவது போக வேண்டுமென்றால் திங்கட்கிழமைதான். பர்ன்லியிலிருந்து மான்செஸ்டருக்கு 'விட்ச் வே' என்று ஒரு பஸ். சூனியக்காரி வழி! பக்கத்திலுள்ள பெண்டில் மலைப் பகுதியில் 1612ல் சூனியக்காரிகள் என்று சொல்லிப் பலரைத் தூக்கில் போட்ட கதை அங்கே பிரபலம். முதல் தடவை ஏறும்போது, "உனக்காகவே விட்டிருக்காங்க" என்றார் கணவர்.

இனி மே மாதத்துக்கு வருகிறேன். அதை மறக்கவே முடியாது. எட்டு டிகிரி குளிரில், ஈரப் பந்தை விரல் பிடிக்கவே பிடிக்காது. சேப்பாக்கத்தில் வியர்வையைத் துடைத்துத் துடைத்துப் பந்து போட்டவர், அங்கே இரண்டு பந்துக்கு ஒரு முறை பாக்கெட்டில் கையை விட்டுச் சூடுபடுத்திக்கொண்டார். முதல் நான்கு ஆட்டத்தில் மூன்று விக்கெட், இரண்டு டக் (ஒரு ரன்கூட எடுக்காமல் அவுட்). நான் பெவிலியன் பக்கத்து பெஞ்சில் கம்பளியைச் சுற்றிக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். பின்னால் இரண்டு பெரியவர்கள். "போன வருஷத்து ப்ரோவாக இருந்தா இந்நேரம் ஆட்டத்தை முடிச்சிருப்பான்" என்றார் ஒருவர். நான் யாரென்று தெரிந்ததும் தர்மசங்கடமாகி, பிளாஸ்கிலிருந்து எனக்கு டீ ஊற்றிக் கொடுத்தார். சொன்னதை மட்டும் வாபஸ் வாங்கவில்லை. அவரைக் குற்றம் சொல்ல மாட்டேன். மற்றவர்கள் ஆசைக்கு ஆடுகிறார்கள், இவர் ஒருவர்தான் காசு வாங்குகிறார். தோற்றால் கணக்கு இவர் பேரில்தான் எழுதப்படும்.

திங்கட்கிழமை பேக்கரிக்குப் போனால் ஸ்கோர் எனக்கு முன்பே அங்கே போயிருக்கும். விக்கெட் எடுத்திருந்தால் "வா லவ்" என்று வரவேற்பு. (அங்கே கடைக்காரம்மா எல்லாரையும் 'லவ்' என்றுதான் கூப்பிடுவார். முதல் தடவை என் கணவரைச் சொன்னபோது நான் கொஞ்சம் முறைத்தது உண்மை.) டக் அடித்த வாரம் வானிலை பற்றி மட்டும் பேச்சு. நான் சைவம், அந்த அம்மாதான் பட்டர் பை என்று ஒன்றைக் காட்டிக் கொடுத்தார். உருளைக்கிழங்கும் வெங்காயமும் வைத்து மூடிச் சுட்டது. மிளகாய்த்தூள் இல்லாத மசால் தோசை மசாலா என்று வைத்துக்கொள்ளுங்கள்.

சமையலுக்குக் கஷ்டம் இல்லை. அந்தப் பக்கம் பாகிஸ்தானியர் நிறைய, மளிகை கிடைத்துவிடும். மாவு புளிப்பதுதான் பாடு. மூன்று நாள் வைத்தும் பொங்காமல், கடைசியில் வெந்நீர்த் தொட்டி இருக்கும் துணி அலமாரிக்குள் பாத்திரத்தை வைத்தேன். காலையில் அவருடைய வெள்ளைப் பேன்ட் மேலெல்லாம் மாவு. புல் கறையே போகாத பேன்ட். அன்றிலிருந்து அவர் துணியை அவரே துவைக்க வேண்டும் என்று சட்டம் போட்டேன். இன்றும் அமலில் இருக்கிறது.

ஜூனில் வெயில் வந்தது, விரலும் வந்தது. ஒரு சனிக்கிழமை ஆறு விக்கெட். அந்த லீக்கில் ஐம்பது அடித்தாலோ ஐந்து விக்கெட் எடுத்தாலோ மைதானத்தைச் சுற்றி வசூல் பெட்டி வரும், அது அந்த வீரருக்கு. பெட்டி என் பெஞ்சுக்கு வந்தது. பக்கத்தில் எல்லாரும் போடுகிறார்கள், நான் சும்மா இருக்க முடியுமா? எங்கள் காசில் ஐந்து பவுண்டை எங்களுக்கே போட்டேன். ராத்திரி சமையலறை மேசையில் கொட்டி எண்ணினால் 71 பவுண்டு, ஒரு யூரோ நாணயம், ஒரு சட்டைப் பொத்தான். அணிக்கு பீர் வாங்கிக் கொடுத்தது போக மிச்சம் முப்பதுகூட இல்லை. ஆனாலும் ரஞ்சியில் வாங்கிய சம்பளத்தையெல்லாம்விட அதைப் பற்றித்தான் அம்மாவிடம் போனில் ரொம்ப நேரம் பேசினார்.

சண்டை வந்ததா என்றால், வாராவாரம் வந்தது. ஆட்டம் முடிந்து காரில் ஏறினால் வீடு வரும்வரை ஆட்டத்தைப் பற்றிப் பேசக் கூடாது என்று ஒரு ஒப்பந்தம் செய்துகொண்டோம். மொத்தமே ஏழு நிமிடப் பயணம், அதனால்தான் அது நிலைத்தது. நான் அழுத நாட்கள் பெரும்பாலும் மழையில் ஆட்டம் ரத்தான சனிக்கிழமைகள். மைதானமும் இல்லை, வேறு மனிதர்களும் இல்லை, இரண்டு பேரும் ஒரே ஜன்னலைப் பார்த்துக்கொண்டிருப்போம்.

அங்கே வந்து தவித்தவர்களில் பெரிய ஆட்களும் உண்டு. 1949ல் பேக்கப் என்ற ஊருக்கு ஆட வந்த மேற்கிந்தியத் தீவுகள் பேட்ஸ்மேன் எவர்டன் வீக்ஸ், குளிருக்குப் பயந்து ராணுவ ஓவர்கோட் ஒன்றைக் கழற்றவே மாட்டாராம். அவருக்கும் முன்னால், ட்ரினிடாடிலிருந்து லியரி கான்ஸ்டன்டைன் என்ற ஆட்டக்காரர் மனைவி நார்மாவோடு 1929ல் நெல்சன் என்ற ஊருக்கு ப்ரோவாக வந்தார். கறுப்பினத்தவரை அதிகம் பார்த்திராத ஊர். பிள்ளைகள் ஜன்னல் வழியாக எட்டிப் பார்ப்பார்களாம். ஒன்பது சீசனில் ஏழு பட்டம் வாங்கிக் கொடுத்தார். ஆட்டமெல்லாம் முடிந்த பிறகும் 1949 வரை குடும்பம் அந்த ஊரிலேயே இருந்தது. அவர்கள் வீடு மெரிடித் தெருவில் இருக்கிறது, பலகை வைத்திருக்கிறார்கள். நாங்கள் ஒரு திங்கட்கிழமை போய்ப் பார்த்தோம். சாதாரண வரிசை வீடு. கணவர் பலகையைப் படித்தார். எனக்கு, நார்மா முதல் சனிக்கிழமை மைதானத்தில் எந்த மூலையில் போய் உட்கார்ந்திருப்பார் என்றுதான் ஓடியது.

எங்களுக்கு இருபது வருடமெல்லாம் இல்லை. ஒப்பந்தம் ஒவ்வொரு சீசனுக்கும் தனித்தனி. இரண்டாம் வருட முடிவில், அடுத்த முறை வேகப்பந்து வீச்சாளர் வேண்டும் என்று கார் நிறுத்துமிடத்தில் நின்றபடியே சொன்னார்கள். உட்கார வைத்துச் சொல்லியிருக்கலாம். வாடகை வீடு என்றால் ஒரு மாத அவகாசமாவது இருக்கும். எங்களுக்குப் பத்து நாள். துணி அலமாரியைத் துடைத்து வைத்துவிட்டுக் கிளம்பினேன்.

இப்போது சென்னையில் இருக்கிறோம். ஞாயிறு காலையில் அந்த கிளப்பின் ஸ்கோரை நெட்டில் பார்க்கும் பழக்கம் இன்னும் போகவில்லை. புது ப்ரோ மே மாதத்தில் மூன்று ஆட்டத்தில் இரண்டே விக்கெட். "பாவம், அந்த பெஞ்ச்ல யாரு உட்கார்ந்திருக்காங்களோ" என்றேன். "குளிர்தான் காரணம், ஜூன் வரட்டும்" என்றார் இவர், தானே ஆடுவது மாதிரி.