நானூறு பிள்ளைகளும் ஒரு சேரும்

அன்புள்ள ஐயா,

உயர்தர மாணவர்களுக்கு சூமில் இணைந்த கணிதம் படிப்பிக்கிறேன். நாற்பது பேருடன் தொடங்கியது, இப்போது நானூறு பேர். ஒருவரும் கமரா போடுவதில்லை. "விளங்கியதா?" என்றால் நாலைந்து பேர் "ஓம் சேர்" என்று எழுதுவார்கள். எப்போதும் அதே நாலைந்து பேர். இத்தனை பேரோடு எப்படிப் பழகுவது?

ஓர் ஆசிரியர், கரவெட்டி

அன்புள்ள தம்பி,

முதலில் கமராவை விடுங்கள். தங்கச்சி படிக்க, அம்மா சமைக்க, அப்பா படுத்திருக்க எல்லாமே ஓர் அறைக்குள் நடக்கும் வீடுகள் எத்தனை! வற்புறுத்தினால் அந்தப் பிள்ளை வகுப்பையே விட்டுவிடும்.

"விளங்கியதா?" என்பதையும் விடுங்கள். ரியூட்டரி வாங்கில் நெருக்கியடித்து இருந்த காலத்தில் நாங்களும் அதற்கு "ஓம்" என்றுதான் சொன்னோம். கணக்கு எந்த வரியில் இறுகியது என்று கேளுங்கள். வெட்டியது, அழித்தது எல்லாவற்றோடும் கொப்பியைப் படமெடுத்து அனுப்பட்டும்.

சில வருடங்களுக்கு முன் நானும் ஆயிரக்கணக்கானோர் படித்த ஓர் இணைய வகுப்பில் சேர்ந்தேன். மூன்றாம் கிழமை விட்டுவிடலாம் என்றிருந்தபோது உதவி ஆசிரியை ஒருவர் என் விடையின் கீழ் எழுதினார்: "இரண்டாம் பந்தியில் நல்ல யோசனை ஒன்று இருக்கிறது. ஏன் பாதியில் நிறுத்திவிட்டீர்கள்?" அன்றிரவே மிச்சத்தை எழுதினேன். வகுப்பையும் முடித்தேன்.

2011இல் ஸ்டான்ஃபோர்ட் ஆசிரியர்கள் இலவசமாக நடத்திய செயற்கை நுண்ணறிவு வகுப்பில் சுமார் 1,60,000 பேர் பதிந்தார்கள். முடித்தவர்கள் இருபதாயிரத்துச் சொச்சம். பாடம் நல்ல பாடம்தான். ஆனால் பிரித்தானியத் திறந்த பல்கலைக்கழகம் 1971இல் வானொலியிலும் தொலைக்காட்சியிலும் பாடம் நடத்தத் தொடங்கியபோதே, மாணவரின் ஒப்படைகளைத் திருத்திக் குறிப்பெழுத ரியூட்டர்களை வைத்தது. எனக்கு அந்த வழியில்தான் நம்பிக்கை.

சரி, உங்கள் நானூறுக்கு வருவோம். ஒரு நாளைக்கு ஆறு கொப்பிகள் பாருங்கள். பிள்ளையின் பெயரைச் சொல்லி, அது பிழைவிட்ட வரியைச் சொல்லி, முக்கால் நிமிடம் வாட்ஸ்அப்பில் குரலில் பேசி அனுப்புங்கள். பத்துக் கிழமைக்குள் நானூறு பேரையும் தொட்டுவிடுவீர்கள். ஏஎல் எழுதிவிட்டு கம்பஸ் தொடங்கும்வரை வீட்டில் இருக்கும் உங்கள் பழைய மாணவர்கள் இருபது பேரைக் கூப்பிட்டு, ஆளுக்கு இருபது பிள்ளைகளைப் பொறுப்புக் கொடுங்கள். கைச்செலவுக்குக் கட்டாயம் ஏதாவது கொடுங்கள். அவர்களுக்கும் அது உதவி.

முதல் ஆறு பேரையும் ஒருநாளும் எழுதாத பிள்ளைகளிலிருந்து எடுங்கள். இரண்டு கிழமை கழித்து என்ன நடந்தது என்று எனக்கு எழுதுங்கள்.