பட்டம் ஒரு புலம், விருப்பம் வேறு புலம்

வணக்கம். 1974இல் கிண்டிப் பொறியியல் கல்லூரியில் படித்து முடித்த நன்கொடையாளர் ஒருவர், "அண்ணா பல்கலைக்கழக முன்னாள் மாணவர்" என்று விளித்த கடிதத்தைத் திருப்பி அனுப்பிவிட்டதாகவும், நன்கொடையாளர் தரவுத்தளத்தில் உள்ள அவருடைய பதிவில் எதை மாற்றுவது என்றும் கேட்டிருந்தீர்கள். அவருடைய கோபம் நியாயமானதே. 1794இல் தோன்றிய அக்கல்லூரி 1978இல்தான் அண்ணா பல்கலைக்கழகத்தின் அங்கமானது. அவர் பெற்றது சென்னைப் பல்கலைக்கழகப் பட்டம்.

ஆகவே பட்டம், கல்லூரி, ஆண்டு ஆகியவற்றைத் தொடாமல், "விரும்பும் அடையாளம்" என்று தனிப் புலம் (பதிவில் ஒரு விவரத்துக்கான கட்டம்) ஒன்றைச் சேர்த்து, கடிதம், அழைப்பிதழ், நன்கொடையாளர் பட்டியல் மூன்றும் அதிலிருந்தே விவரத்தை எடுக்குமாறு செய்யுங்கள். அதை அவர் எந்தத் தேதியில், தொலைபேசியிலா கடிதத்திலா தெரிவித்தார் என்பதும் அருகிலேயே இருக்கட்டும். இல்லையெனில் அடுத்த முறை எக்செல் கோப்பை ஏற்றுபவர் பழைய விவரத்தையே அதன்மேல் எழுதிவிடுவார் (எங்கள் அலுவலகத்தில் இருமுறை நடந்தது). கிண்டியில் இளநிலையும் குரோம்பேட்டை எம்.ஐ.டி.யில் (மெட்ராஸ் இன்ஸ்டிடியூட் ஆஃப் டெக்னாலஜி) முதுநிலையும் படித்தவருக்கு இரண்டையும் பதிந்து, முதன்மை எது என்று அவரிடமே கேளுங்கள். கடைசிப் பட்டத்தை மென்பொருள் தானாக எடுத்துக்கொள்ள விடாதீர்கள்.

பணம் எந்தக் கல்லூரியின் கணக்கில் சேர வேண்டும் என்பதை இதனோடு கலக்க வேண்டாம், கிண்டிக்காரர் ஏ.சி. டெக் (அழகப்பா தொழில்நுட்பக் கல்லூரி) ஆய்வகத்துக்குக் கொடுப்பதும் உண்டு.